அண்ணியின் பப்பாளியும் மருமகளின் செல்களும்

“...கெழட்டு ஆட்டையே அது பஞ்சு மாதிரி ஆக்கிடுது, என் எலும்புக்குள்ள உக்காந்திருக்கற இந்தச் சனியனையா கரைக்காது? அதனாலதான் சொல்றேன் தம்பி, வர்ற செவ்வாக்கெழம வேன எடுக்காத. ஊசி போட்ட வரைக்கும் போதும்லா.”

அண்ணி இதைச் சொன்னபோது அவர் கையில் பச்சைப் பப்பாளி. துருவிக்கொண்டே சொன்னார். பாசாரில் வாங்கிய கீரையையும் மீனையும் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்த நான் அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டேன். ஊசி வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுப்பதென்றால் அழுவார், புலம்புவார் என்றுதான் நினைத்திருந்தேன். இவர் என்னவோ நாளைக்கு இட்லி வேண்டாம், தோசை போதும் என்பதுபோலச் சொல்லிவிட்டுப் பப்பாளியின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அண்ணி என் அண்ணன் மனைவி. அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். கோலா சிலாங்கூரிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை போகிற சாலையில், ரப்பர்த் தோட்டத்தை மூடிய பிறகு கட்டிக்கொடுத்த தாமான் குடியிருப்பில் அண்ணி தனியாக இருக்கிறார். தனியாக என்று சொல்வது வீட்டைத்தான். ஆளைச் சுற்றி எந்நேரமும் நாலு பேர் இருப்பார்கள். கல்யாணம், காதுகுத்து, முனீஸ்வரர் பூசை, கோயில் அன்னதானம் எதுவானாலும், கோலா குபு பாரு வரைக்கும் அண்ணியின் ஆட்டிறைச்சிக்கு ஆள் உண்டு. பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு அண்ணி பக்கத்தில் நின்றால் விருந்துக்காரர்கள் நிம்மதியாகப் போய்ப் பட்டு வேட்டி கட்டிக்கொள்வார்கள்.

அவருக்கு வந்தது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் உண்டாகும் புற்றுநோய். முதலில் முதுகுவலி என்றுதான் ஆரம்பித்தது. “முதுகுக்குள்ள எவனோ உக்காந்து உரல் இடிக்கறான்” என்பார். தைலம் தேய்த்தோம், உருவிவிட்டோம், பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்ட பிறகுதான் இடிப்பவன் யார் என்று தெரிந்தது. வாரம் ஒரு முறை, செவ்வாய்க்கிழமை, வயிற்றுத் தோலுக்கு அடியில் ஓர் ஊசி. நான்தான் வேனில் கூட்டிக்கொண்டு போவேன். ஊசிக்கு நோய் கேட்டது. இரத்தத்தில் ஏறிக்கிடந்த கெட்ட புரதம் இறங்கிவிட்டது என்று டாக்டர் சொல்லிச் சிரித்தார். முதுகில் இடித்தவனும் உலக்கையைக் கீழே வைத்துவிட்டான்.

பிறகு ஏன் ஊசி வேண்டாம்? அன்று வாசலில் நின்றுகொண்டு அதைத்தான் கேட்டேன். துருவலை ஓரமாகத் தள்ளிவிட்டு அண்ணி சொன்னார், கால் மரத்துப்போய்விட்டது என்று. இரண்டு பாதமும். செருப்பு காலில் இருக்கிறதா இல்லையா என்பதே குனிந்து பார்த்தால்தான் தெரிகிறதாம். பெரிய அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற காலுக்குச் சூடு தெரியாவிட்டால் அப்புறம் சமையல் எங்கே? டாக்டரிடம் சொன்னீர்களா என்றேன். சொல்லவில்லை. சொன்னால் அடுப்புப் பக்கமே போகாதே என்பார்களாம். அதனால் இவராகவே ஒரு தீர்ப்பு எழுதிவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி பப்பாளிச் சாறு புற்றுக்கு நல்லது என்று எங்கேயோ கேட்டு வந்து சொல்லியிருக்கிறாள். மற்றவர்கள் என்றால் நம்பலாமா கூடாதா என்று யோசித்திருப்பார்கள். அண்ணிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பச்சைப் பப்பாளி இறைச்சியை என்ன செய்யும் என்பதை வாழ்நாள் முழுக்கச் சட்டியில் பார்த்தவர். காலையில் வெறும் வயிற்றில் ஒரு குவளை என்று குடித்துக்கொண்டிருந்திருக்கிறார், யாருக்கும் தெரியாமல்.

அதிலும் முக்கியமாக மருமகளுக்குத் தெரியாமல்.

மருமகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தாங் காலிப் பெண். கிறிஸ்துவக் குடும்பம், அவள் தாத்தாவும் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர்தான். அண்ணி மகனைக் கட்டிக்கொண்டு சுங்கை சோவில் குடியிருக்கிறாள். பட்டணத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. என்ன வேலை என்று கல்யாணத்தின்போது கேட்டதற்கு, “புற்றுநோய்ச் செல்லை வளக்கறேன், சின்ன மாமா” என்றாள். நான் தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று திரும்பவும் கேட்டேன். அதேதான். ரோஸ் நிறத் தண்ணீரில் அவற்றை மிதக்கவிட்டு, சாப்பாடு மாற்றி, சூடு குறையாமல் பார்த்துக்கொள்வாளாம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போவாள். அதுங்களுக்கு லீவு கிடையாது மாமா என்பாள். செல்களைப் பற்றிப் பேசும்போது அது, இது என்றில்லை, அதுங்கதான். வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் பேசுகிற மாதிரி.

அண்ணிக்கு நோய் என்று தெரிந்தபோது அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவள் குடுவையில் வளர்ப்பதும் அதே இனத்துச் செல்தான். வேலைக்குச் சேர்ந்தபோது அது வெறும் படிப்பு. இப்போது காலையில் நுண்ணோக்கியைத் திறந்தால் மாமியாரின் எதிரி எதிரில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் வேளாவேளைக்குச் சாப்பாடு போட வேண்டும். இதை அவள் யாரிடமும் சொல்லி அழுததில்லை. அண்ணியோ வாய்க்கு வந்தபடி பேசுவார். “நான் அத சாகடிக்க முடியாம தவிக்கறேன், இந்த அம்மா சோறு போட்டு வளக்கறாங்க” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மருமகளும் கூடச் சிரிப்பாள். ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிடும்.

பப்பாளி விஷயம் அன்றைக்கே வெளிவந்தது. நானாகச் சொல்லவில்லை. இறைச்சிதான் காட்டிக்கொடுத்தது.

அது சனிக்கிழமை. மத்தியானம் மகனும் மருமகளும் சாப்பிட வருவதாக இருந்தது. கடைசியில் மகனுக்கு வேலை மாறிப்போய் மருமகள் மட்டும் வந்தாள். அவர்களுக்காகவே அண்ணி காலையிலேயே ஆட்டிறைச்சி வெட்டி வைத்திருந்தார். சாறு பிழிந்ததுபோக மிச்சமிருந்த துருவலை இறைச்சியில் கொட்டிப் பிசைந்து மூடிவைத்தவர், உடம்பு அசதியில் படுத்துவிட்டார். பப்பாளியை இறைச்சியில் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதில் அண்ணி கண்டிப்பானவர். ஆள் வைத்து வேலை செய்யும்போது நேரம் தவறினால் ஒரு ஏச்சு ஏசுவார். அப்பேர்ப்பட்டவர் தூங்கிவிட்டார். நானும் கூடத்தில் பத்திரிகை படித்துக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டேன். வெயில் நேரம், தகரக் கூரை. மருமகள் வந்து அடுக்களையில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “அத்தை, இது இறைச்சியா, என்னது இது?” என்று கேட்ட குரலில்தான் இருவரும் எழுந்தோம்.

அண்ணி விரலை விட்டுப் பார்த்தார். துண்டு துண்டாக வைத்த இறைச்சி வழவழவென்று கூழாகியிருந்தது. தூக்கினால் எலும்பு தனியே கையோடு வந்தது. அண்ணி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரியில் நோயின் பெயரைச் சொன்னபோதுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு வாட்டத்தை நான் பார்த்ததில்லை. “என் கையில இறைச்சி இப்படி ஆனதே இல்ல” என்று மட்டும் சொன்னார்.

மருமகள் சுற்றிலும் பார்த்தாள். தொட்டியில் சாறு பிழிந்த துணி. மூலையில் தோல் குவியல். ஓர் இறைச்சிச் சட்டிக்கு இத்தனை பப்பாளியா? அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் கூரையைப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பெண்கள் சண்டை போட்டால் எனக்கு அதுதான் தெரிந்த வழி.

அவள் திட்டவில்லை. இன்றைக்கும் நினைத்து வியக்கிறேன். படித்த பெண், அதுவும் அந்த நோயையே படித்தவள், ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. முக்காலியை இழுத்துப் போட்டு அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இவ்வளவு நேரம் ஊறினால் ஏன் இப்படி ஆகிறது என்று, தெரியாதவள்போல் கேட்டாள்.

“பப்பாளிப் பால்லா. அது இறைச்சிய வெட்டிக்கிட்டே இருக்கும். நாமதான் நேரம் பாத்து எடுத்து அடுப்புல போடணும். சூடு பட்டாத்தான் நிக்கும்.”

“நாம எடுக்கலன்னா?”

“அதுக்கென்ன தெரியும்? தொடக்கறி, நெஞ்சுக்கறி எல்லாத்தையும் கூழாக்கிட்டுத்தான் ஓயும். பாத்தியே.”

“அப்ப உங்க உடம்புக்குள்ள போயி கெட்டத மட்டும் வெட்டுன்னு அதுக்கு யாரு அத்தை சொல்லுவா?”

அண்ணி விரலில் ஒட்டியிருந்த கூழைத் துடைத்துக்கொண்டார். சட்டியையே பார்த்தார். மருமகள் அவசரப்படாமல் மிச்சத்தையும் சொன்னாள். இறைச்சியும் ஒரு புரதம்தான், பப்பாளிப் பாலில் இருப்பது புரதத்தை வெட்டுகிற நொதி. குடித்த சாற்றில் அது எலும்பு வரைக்கும் போய்ச் சேருவதில்லை, வயிறே அதையும் ஒரு சாப்பாடாகச் செரித்துவிடும். இவ்வளவு குடித்தால் மருந்துக்கு இடைஞ்சல் வருமா வராதா என்பது தனக்கே தெரியாது, டாக்டரிடம் கேட்டாக வேண்டும். அதன் பிறகு அவள் சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்தப் புற்றுச் செல் உயிரோடு இருப்பதே ஒரு வெட்டுகிற நொதியை நம்பித்தானாம்.

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனில்லை. பத்திரிகையும் வானொலியும் என் வேனில் ஏறுகிறவர்கள் வாயும்தான் எனக்கு வாத்தியார்கள். அன்றைக்கு அந்தப் பெண் சொன்ன மாதிரி யாரும் எனக்கு எதையும் விளக்கியதில்லை. எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பழசாகிப்போன, கோணலாகிப்போன புரதங்களை வெட்டித் துண்டாக்குகிற ஒரு பீப்பாய் இருக்கிறதாம். வெட்டும் பற்கள் பீப்பாய்க்கு உள்பக்கம். கண்டதையும் வெட்டிவிடக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு பாதுகாப்பு. உள்ளே அனுப்பப்பட்டது மட்டும்தான் துண்டாகும். எல்லாச் செல்லிலும் பல் ஒரே மாதிரி இல்லை. இரத்தத்தில் நோயை எதிர்க்கிற செல்களில் வேறு வகைப் பல் மாட்டியிருக்கும். அண்ணியின் நோய் அந்த இனத்துச் செல் கெட்டு வருவது. அது ஓயாமல் புரதம் செய்துகொண்டே இருப்பதால் குப்பையும் ஏராளம், பீப்பாய்க்கு வேலையும் ஏராளம். வயிற்றில் போடுகிற ஊசி அந்தப் பல்லைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. வெட்டு நின்றுவிடும். குப்பை சேர்ந்து, சேர்ந்து, செல் மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

இந்த இடத்தில் அண்ணிக்கு உயிர் வந்தது. “எலை எடுக்கற ஆளு வராத பந்தி மாதிரியா?” என்றார்.

எனக்கும் அந்த நாள் நினைவிருக்கிறது. ஒரு கோயில் அன்னதானத்தில், கொட்டுகிற மழையில் இலை எடுக்கிறவர்கள் வந்து சேரவில்லை. முதல் பந்தி எழுந்த இலைகள் அப்படியே கிடக்க, பின்னாலேயே அடுத்த கூட்டம் வந்து நிற்க, குழம்பு வாளியைக் கீழே வைக்க இடமில்லை. அடுக்களையே நின்றுபோனது. சோறு இருந்தது, கறி இருந்தது, பரிமாற ஆளும் இருந்தார்கள். குப்பை போகவில்லை, அவ்வளவுதான். மருமகள் கையைத் தட்டிச் சிரித்தாள். அதேதான் அத்தை, நான் மூணு வருசமா எங்க வீட்டுல சொல்லிப் புரியவைக்க முடியாதத ஒரு வார்த்தையில சொல்லிட்டீங்க என்றாள்.

அண்ணி அந்தப் புகழ்ச்சியோடு நிற்கிற ஆளா? அடுத்த கேள்வியைத் தூக்கிப் போட்டார்.

“பப்பாளிக்கு நல்லது கெட்டது தெரியாதுங்கற. சரி. உன் ஊசிக்கு மட்டும் தெரியுமாக்கும்?”

நான் மருமகளின் முகத்தைப் பார்த்தேன். தெரியும் என்று ஒரு பொய் சொன்னால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். அத்தை நம்பிவிடுவார், செவ்வாய்க்கிழமை வேனில் ஏறிவிடுவார்.

“தெரியாது அத்தை” என்றாள் அவள். “அதுவும் எல்லாச் செல்லுலயும் போயி அந்தப் பல்லப் பிடிக்கத்தான் பாக்கும். குப்பை அதிகமா இருக்கறது மொத விழுது, அவ்வளவுதான். நரம்புக்கும் கொஞ்சம் அடி விழும். அதுல பாதம் மரத்துப்போறவங்க இருக்காங்க.”

அண்ணி சட்டென்று தன் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், நான்தான் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்பதுபோல். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். மருமகளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குனிந்து அத்தையின் பாதத்தைப் பிடித்தாள். எப்போதிலிருந்து என்று கேட்டாள். அண்ணி சொன்னார். இவ்வளவு நாளும் ஒளித்துவைத்ததை, அடுப்பு கைவிட்டுப் போகுமென்று பயந்து ஒளித்ததை, ஊசியை நிறுத்த நினைத்ததையும் சேர்த்து, ஒவ்வொன்றாகச் சொன்னார். டாக்டரிடம் சொன்னால் மருந்தின் அளவைக் குறைப்பார்கள், நாளைத் தள்ளிப்போடுவார்கள், வழி இருக்கிறது, ஆனால் சொல்லாமல் இருந்தால் அவர்களுக்குத் தெரிய வழியில்லை என்றாள் மருமகள். நிறுத்திவிட்டால் மிச்சம் இருப்பவை திரும்ப வளரும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அவை எப்படி வளரும் என்பதைத் தினமும் கண்ணால் பார்க்கிறவள் அவள்.

“நீ எதுக்குத்தான் அதுகள வளக்கற?” அண்ணி கேட்டார். எத்தனையோ முறை கேலியாகக் கேட்டதுதான். இந்த முறை கேலி இல்லை.

சிலருக்கு அந்தப் பல்லின் வடிவம் கொஞ்சம் மாறிவிடுகிறது என்றாள். ஊசி பிடிக்க வேண்டிய இடத்தில் பிடி கிடைப்பதில்லை. சில செல்களில் ஒரு வகைப் பல் குறைந்து இன்னொன்று கூடிவிடுகிறது. எது எவ்வளவு இருந்தால் மருந்து கேட்கும், எது மாறினால் கேட்காது என்று பார்ப்பதற்காகத்தான் வளர்க்கிறாளாம். அண்ணி தன்னுடையது எந்த வகைப் பல் என்று கேட்டார். தெரியாது என்றாள். “இப்ப வரைக்கும் மருந்து கேக்குது. அதுதான் எனக்குத் தெரியும். நான் செய்யற வேலை உங்களுக்கு இந்த வருசம், அடுத்த வருசம் ஒண்ணும் உதவாது அத்தை. பின்னால வர்றவங்களுக்கு உதவலாம். அதுவும் உதவலாம்னுதான் சொல்லுவேன்.”

பெரிதாக ஏதாவது சொல்லி மாமியாரை ஏற்றிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஆசையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவில் இவ்வளவு நேராகக் கோடு போட அந்தச் சின்ன வயதில் எங்கே கற்றாள்? எனக்குத் தெரிந்த பெரிய பேச்சாளர்களிடம்கூட நான் அதைப் பார்த்ததில்லை.

அண்ணி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எழுந்துபோய்க் கூழாகிக் கிடந்த இறைச்சியில் எலும்பைப் பொறுக்கி எடுத்தார். வெங்காயம், மிளகாய், சோம்பு, பொட்டுக்கடலை மாவு போட்டுப் பிசைந்து உருட்டி எண்ணெயில் பொரித்தார். மொறுமொறுவென்று அப்படி ஒரு ருசி. வெளியில் சொல்லிவிடாதீர்கள், இனிமேல் எல்லாரும் இதையே கேட்பார்கள் என்றார். மருமகளின் தட்டில் மேலும் இரண்டை வைத்துவிட்டு, “நல்லா சாப்புடு, வேலைக்குப் போயி அதுங்களுக்கும் சாப்பாடு போடணும்ல” என்றார். அன்று அந்தப் பெண்ணின் சிரிப்பு சீக்கிரம் முடியவில்லை.

ஆனாலும் செவ்வாய்க்கிழமைக்கு என்ன முடிவு என்று எனக்குத் தெரியாமலே இருந்தது. கேட்கவும் பயம். கேட்டால் இல்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, பிறகு அந்த வார்த்தைக்காகவே நிற்கிற ஆள் அவர். அதனால் வேனை எடுக்காதே என்றவர் வீட்டு வாசலில் செவ்வாய்க்கிழமை காலை வேனைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, டயரில் காற்று குறைகிறதோ என்று பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றி வந்தேன். அண்ணி நல்ல பஞ்சாபி உடை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். காத்து இருக்கா தம்பி என்று கேட்டார். இருக்கு என்றேன். அப்ப ஏறு என்றார்.

செம்பனைத் தோட்டங்கள் முடிந்து நெடுஞ்சாலையில் ஏறினோம். ஆஸ்பத்திரி வாசலில் மருமகள் விடுமுறை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள்.

டாக்டர் ஓர் இளம் மலாய்ப் பெண். வழக்கமாக எப்படி இருக்கிறது என்று கேட்பார், அண்ணி “ஓகே” என்பார், முடிந்துவிடும். அன்றைக்கும் கேட்டார். மருமகள் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாசாரில் பேசிப் பழகிய மலாயில், கால் மரத்துப்போனதைச் சொன்னார். அடுப்புக்குப் பயந்து மறைத்ததைச் சொன்னார். தினமும் எவ்வளவு பப்பாளிச் சாறு என்பதைக் கையால் குவளை அளவு காட்டிச் சொன்னார். டாக்டர் கோபிக்கவில்லை. பாதத்தைத் தொட்டும் குத்தியும் பார்த்தார். அளவைக் குறைக்கிறேன், நரம்பையும் கவனித்துக்கொண்டே வருவோம், சாறு மட்டும் வேண்டாம் என்றார். சமைக்கலாமா என்று அண்ணி கேட்டார். கெட்டியான காலணி போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஓர் ஆளையும் வைத்துக்கொண்டால் சமைக்கலாம் என்றார்.

வெளியே வந்து நீள நாற்காலியில் காத்திருந்தோம். உள்ளே ஊசி மருந்தைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தாதி கதவைத் திறந்து அண்ணியின் பெயரைக் கூப்பிட்டாள். அண்ணி கைப்பையை என் மடியில் வைத்தார். இன்னொரு கையை மருமகளின் தோளில் ஊன்றி எழுந்து, பாதத்தைத் தரையில் அழுத்திப் பார்த்துவிட்டு, அவளையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.